தவக்காலத்தில் வந்த செய்தி

(நாகல் நகரில் மாணவர் வாசிப்பு வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



மேடை கீடை எதுவும் போடாமல் இப்படிப் பாய் விரித்து உட்காரவைத்ததற்கு முதலில் நன்றி. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இந்தத் தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது. இப்போது ரயில் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. வண்டி வரும்போது நான் நிறுத்திக்கொள்கிறேன், போனதும் பேசுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கை ஒருத்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு. அவள் எழுதியிருந்தது இது: "அண்ணே, பேப்பர்ல படிச்சதெல்லாம் மண்டைக்குள்ளயே நிக்குது. வேங்கைவயல்ல குடிக்கிற தண்ணித் தொட்டியில மலத்தப் போட்டாங்க. நாங்குநேரியில கூடப் படிக்கிற பசங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டுனாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டுனாங்க. சாயங்காலமானா அம்மா செபமாலை சொல்லக் கூப்பிடுறாங்க. எனக்கு வாய் வரல. நீங்க படிக்கிறப்ப இப்படி இருந்துச்சா? என்ன செஞ்சீங்க?"

வேங்கைவயல் 2022 டிசம்பர். நாங்குநேரி 2023 ஆகஸ்ட். நேற்று நடந்தது போல எழுதியிருக்கிறாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

என்ன செஞ்சீங்க என்று கேட்டால் நேரான பதில்: ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை மறைத்துவிட்டு அம்பேத்கர், அயோத்திதாசர் என்று ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும். கைதட்டுவீர்கள். அவளுக்குப் பதில் கிடைக்காது.

2008 மார்ச் மாதம். நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், கிறித்தவப் பெயர் கொண்ட பலவற்றில் ஒன்று. தவக்காலம். அந்த வருசம் ஈஸ்டர் சீக்கிரமே வந்துவிட்டது, மார்ச் 23. குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, அதாவது மார்ச் 9ஆம் தேதி, எறையூரில் கலவரம். மறுநாள் விடுதி மெஸ்ஸில் பேப்பரைப் பார்க்கிறோம். போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு.

எறையூரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டைப் பக்கம். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், 2019க்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். பழைய கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே பங்கு. ஒரே பங்கு என்று சொல்கிறோமே தவிர, கோயிலுக்குப் போகிற பெரிய தெருவில் தலித் பிணம் போகக்கூடாது. பொதுவான சவ வண்டி, நம்ம பேச்சில் தூம்பா வண்டி, அது சேரிக்கு வராது. உயிரோடு இருக்கும்போது ஒரே அப்பம், ஒரே கிண்ணம். செத்த பிறகு வேற வண்டி, வேற வழி. தலித்துகள் தங்கள் பக்கம் சகாய மாதாவுக்கு ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். இதைத் தனிப் பங்காக்கு, எங்களுக்குத் தனிச் சாமியாரைக் கொடு என்று புதுவை–கடலூர் மறைமாவட்டத்திடம் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்குத்தான் அடி. வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டது.

சுடப்பட்டுச் செத்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள்.

மெஸ்ஸில் என் எதிரே இருந்தவன் என்னோடு கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். நல்ல பையன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக் கொடுத்தவன். அவன் சொன்னான், "பாவம்டா, ரெண்டு பேர சுட்டுட்டாய்ங்க. இவிங்களுக்கு எதுக்குத் தனிக் கோயிலு? ஏசு சாமி முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான?" நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. என் பெயர் நல்ல கிறித்தவப் பெயர். சர்டிபிகேட்டில் பி.சி. என்றுதான் இருக்கும். மதம் மாறிய தாழ்த்தப்பட்டோரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. 'நீ என்ன ஆளு' என்று விடுதியில் கேட்டால் 'ஆர்.சி.' என்பேன். அது போதும் என்று விட்டுவிடுவார்கள். சிலர் போதாது என்று ஊர்ப்பேரைக் கேட்பார்கள். ஊர்ப்பேருக்கும் ஒரு பொய் வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இட்லியைத் தின்று முடித்தேன், தட்டைக் கழுவினேன், வகுப்புக்குப் போனேன்.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செத்த இரண்டு பேருக்காக எனக்குத் துளி வருத்தமும் வரவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. அந்தத் திருப்தியைக் கண்டுதான் நான் பயந்துபோனேன். போலீஸ் சுடுகிறபோது இந்தப் பக்கத்து ஆளே சாகிற நாட்டில் ஒருமுறை அந்தப் பக்கத்து ஆள் செத்தான், அவ்வளவுதான் மனசில் ஓடியது. அன்று இரவு ஒரு கவிதை எழுதினேன். ரத்தம், சிலுவை, நெருப்பு எல்லாம் அதில் இருந்தது, நான் மட்டும் இல்லை. பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். போகாமல் இருந்தால் வார்டன் கேட்பார். முட்டி போட்டேன். "சாமி, செத்தவங்களுக்காகச் செபிக்க முடியல. எறையூர்ல செத்தவங்களுக்கு" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீ எந்த ஊரு?" வைத்திருந்த பொய் ஊரைச் சொன்னேன். "நெசமா எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "நானும் அந்த மாதிரித் தெருக்காரன்தான்யா. என்னாலயும் முடியல. பூசையில பேர் சொல்லிச் செபிச்சேன், வாய்தான் சொல்லுச்சு" என்றார். அபராதமாக எந்தச் செபத்தையும் அவர் கொடுக்கவில்லை. பாவமன்னிப்பு கொடுத்தாரா என்பதும் நினைவில் இல்லை.

தங்கச்சி, வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாயே. வாய் வராத சாமியார் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் என்னால் திரும்பக் கோயிலுக்குள் நிற்க முடிந்தது. இப்பவும் போகிறேன், எல்லா ஞாயிறும் இல்லை.

அந்த வருசமே மே 6ஆம் தேதி மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தது. தலித்துகள் வராமல் தடுக்க எழுப்பிய சுவர். இடித்ததும் சாதி இந்துக்கள் ரேசன் கார்டை ஒப்படைத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு செய்தி, ஒன்று கிறித்தவத் தெரு, ஒன்று இந்துச் சுவர். விடுதியில் உத்தபுரத்தைப் பற்றி எல்லோரும் ஆவேசமாகப் பேசினார்கள், நானும் பேசினேன். எறையூருக்குத் திறக்காத வாய் உத்தபுரத்துக்குத் திறந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், உத்தபுரத்தில் இந்து மதத்தைத் திட்டலாம், நம்ம வீட்டுக்குள் எந்தச் சண்டையும் வராது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். மேல்சாதியைக் கூட்டிவர அவர் பூணூலும் குடுமியும் இருக்கட்டும் என்றார், 1623இல் போப்பும் ஒத்துக்கொண்டார். நூறு வருசம் கழித்து, போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் ஒரு ஆணை போடவேண்டி வந்தது. அதில் ஒரு சங்கதி: சாகக் கிடக்கிற பறையர்களின் குடிசைக்குள் போய்க் குருமார் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் அதுவரை போகவில்லை என்று அர்த்தம். அதற்கும் இழுபறி. நாற்பது வருசம் கழித்து, 1744இல், ஒரு சமரசம் வந்தது: பறையர்களுக்கு என்று தனிக் குருமாரை வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருசம், 1745, ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். புதுச்சேரிக் கோயிலுக்குள்ளேயே பறையரைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. நம் ஆட்கள் போய் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். உத்தபுரத்துக்கு இருநூற்று அறுபது வருசம் முன்னால். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைக்குள்ளே நின்ற சுவரை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 1744இல் தனிச் சாமியார் என்பது நம்மைத் தள்ளிவைக்க அவர்கள் கண்ட ஏற்பாடு. 2008இல் தனிச் சாமியார் என்பது நம்ம கோரிக்கை. பாட்டுக் குழு நண்பன் கேட்ட கேள்விக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஒன்றாக இருக்கிறோம் என்று முந்நூறு வருசம் தலித்துதான் கேட்டுப் பார்த்தான். அவனுடைய பிணத்துக்குத் தெருவைத் திறக்காதவர்கள், அவன் தனியாகப் போகிறேன் என்றதும் 'ஏசு முன்னால எல்லாரும் ஒண்ணு' என்கிறார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அது நம்ம விடுதி அறைகளில் கைமாறிக் கைமாறி வந்த புத்தகம். அதைப் படித்திருந்தும் எனக்கு அந்த இடத்தில் சொல் வரவில்லை. படித்ததெல்லாம் சமயத்துக்கு வராது, அது ஒரு தனிச் சங்கடம்.

சரி, செய்தியை விடுவோம். அன்றாடத்துக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. நம்ம ஊரில் ஒரு சாமியைக் கும்பிடுவது என்பது என்ன விலைக்கு வருகிறது என்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் தெரியும்.

ஒரு அம்மா வந்தார்கள். பெயர், ஊர் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோல் அலசுகிற வேலை. எங்கள் தாத்தாவும் அந்த வேலைதான். டி.செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் குழி தெரியும். அவர் இறந்துபோனார். கணக்கில் நாற்பத்தோராயிரம் சொச்சம். பாஸ்புக்கில் பெயர் அந்தோணி. இறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் காளிமுத்து. நாமினி பதிவும் இல்லை. மேனேஜர் சொன்னார், ரெண்டும் ஒரே ஆள்தான்னு எப்படி நம்புறது?

அந்தோணி என்பது கோயிலில் வைத்த பெயர். தெரு முழுக்க, ஷாப் முழுக்க அதுதான் பெயர். காளிமுத்து என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வாத்தியார், நல்ல மனசோடு, 'இந்து – பறையர்' என்று போட்டு எழுதிய பெயர். நம்ம தெருக்களில் பாதிப்பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. என் சித்தப்பா மகன் சர்க்கார் ஏட்டில் இந்து, நான் கிறித்தவன். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே வசவு. அவன் எஸ்.சி., நான் பி.சி.

ஏன் இப்படி ஆனது? 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தில் இருப்பவன் தாழ்த்தப்பட்ட சாதியாகக் கருதப்படமாட்டான். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பவுத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவனும் முசுலீமும் வெளியேதான். சூசை என்று ஒருத்தர், சென்னையில் ரோட்டோரத்தில் செருப்புத் தைத்தவர். செருப்புத் தைக்கிற தாழ்த்தப்பட்டவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்த ஆதிதிராவிட இந்துவுக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் அதே அளவுக்கு ஒடுக்கப்படுகிறீர்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை. செருப்புத் தைக்கிறவன் கையில் ஊசி இருக்கும், வாரு இருக்கும். சான்று இருக்காது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது, சாதியையும் மதத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் நம்ம சட்டமன்றமும் ஒரு தீர்மானம் போட்டது. தாள் சேர்ந்துகொண்டே போகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இப்படித்தான். 1989 சட்டம். கிறித்தவன் என்று சான்றிதழ் வைத்திருக்கிற தலித்தைச் சாதி சொல்லி அடித்தால் அந்தச் சட்டம் வராது. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் இதையே சொன்னது. அடிக்கிறவன் கையை ஓங்கும்போது ஞானஸ்நானச் சீட்டைப் பார்ப்பதில்லை. சட்டம் மட்டும் பார்க்கிறது.

அந்த அம்மாவுக்குத் திரும்ப வருகிறேன். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க என்ன செய்வார்கள்? பங்குச் சாமியாரிடம் போய் லெட்டர் வாங்கி வந்துவிட்டார்கள். "அந்தோணி என்கிற காளிமுத்து எமது பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஞானஸ்நானப் பதிவேட்டில்" என்று ஆரம்பித்து, முத்திரையோடு. சந்தோசமாக நீட்டுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் மகன் பாலிடெக்னிக்கில் எஸ்.சி. உதவித்தொகையில் படிக்கிறான். இந்த லெட்டர் என் மேசையில் ஃபைலாகி, யாரோ ஒருத்தன் புகார் எழுதினால், நாற்பத்தோராயிரத்துக்காகப் பையனின் படிப்பு போகும். இது வெறும் பயமில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்திருப்பீர்கள். புதுச்சேரியில் ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் வேலைக்குத் தேர்வானவர். கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானம் அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. கோயிலுக்குப் போகிறாய், ஆகவே நீ இந்து என்று சொல்வது சலுகைக்காக, அது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றார்கள்.

நான் அந்த லெட்டரை மடித்தேன். "அம்மா, இத வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. யாருகிட்டயும் காட்ட வேண்டாம்" என்றேன். "ஏந்தம்பி, சாமி எழுதிக் குடுத்தது செல்லாதா?" என்றார்கள். செல்லும்மா, ரொம்பவே செல்லும், அதுதான் பிரச்சனை என்று நான் எப்படிச் சொல்வேன்? நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட், தெருவில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, வாரிசுச் சான்றிதழ். இவ்வளவு போதும், வங்கி விதிக்கு உட்பட்டதுதான். மேனேஜரும் ஒத்துக்கொண்டார். மூன்று நடை நடந்து பணத்தை வாங்கிக்கொண்டார்கள். மதத்தைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு எழுத்து வராமல் பார்த்துக்கொண்டேன்.

விடுதி மெஸ்ஸில் நான் வாயை மூடியதும் ஒளித்தல்தான், இந்த லெட்டரை மடித்ததும் ஒளித்தல்தான். இரண்டும் ஒன்றா என்று பல நாள் யோசித்தேன். ஒன்றில்லை என்றுதான் படுகிறது. மெஸ்ஸில் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு எறையூரைக் கைவிட்டேன். ஆனால் 'பொய் சொல்லாதே' என்ற கட்டளையை இந்த நாட்டில் முழுசாகக் கடைப்பிடிக்க ஒரு தலித் கிறித்தவனுக்கு என்ன செலவாகும் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. சாதி ஒழிந்தது என்று சொல்கிற மதத்தில் சாதியை மறைக்கிறான், மதச்சார்பற்றது என்று சொல்கிற அரசிடம் மதத்தை மறைக்கிறான்.

இங்கே சில தோழர்கள், மதத்தையே விடுங்கள், சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்குங்கள் என்பார்கள். 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா வாங்கினார், பெரிய காரியம், போராடி வாங்கினார். ஆனால் சுண்ணாம்புக் குழியில் நின்றவரின் பையனுக்கு அந்தச் சான்றிதழால் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட முடியாது. இன்னும் சில தோழர்கள் பவுத்தம் என்பார்கள். 1935இல் யேவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்பேத்கர் 1956 வரை, இருபத்தோரு வருசம், யோசித்தார். மதம் மாறியவரின் நிலைமை பற்றி அவர் எழுதியதை எடுத்துப் படியுங்கள். கிறித்தவத்துக்குள் போன தீண்டப்படாதவரைப் பற்றி அவர் அளவுக்குக் கடுமையாகவும் அக்கறையாகவும் வேறு யாரும் எழுதவில்லை. அவருக்கே இருபத்தோரு வருசம் என்றால், இரண்டாம் ஆண்டு படிக்கிற நீ இந்தச் செமஸ்டருக்குள் முடிவு பண்ண வேண்டியதில்லை. அம்மா செபமாலைக்குக் கூப்பிட்டால் பக்கத்தில் போய் உட்கார், வாய் வந்தால் சொல், வராவிட்டால் சும்மா இரு. மறுநாள் மெஸ்ஸில் எவனாவது 'இவிங்களுக்கு எதுக்கு' என்று ஆரம்பித்தால் அங்கே மட்டும் சும்மா இருக்காதே. நான் சும்மா இருந்தேன். அந்த இட்லி இன்னும் செரிக்கவில்லை.

அந்த அம்மா பணம் வாங்கிய அன்று கவுண்டரை விட்டு நகராமல் நின்றார்கள். என்னம்மா என்றேன். "கல்லறையில சிலுவை நட்டிருக்கோம் தம்பி. பேரு எழுதணும். அந்தோணின்னு எழுதவா, காளிமுத்துன்னு எழுதவா? அந்தோணின்னு எழுதி எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டா பையனுக்கு எதுவும் ஆகுமா?" என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொல்றேன்மா என்றேன்.

போன வாரம் பார்த்தபோது கேட்டேன். சிலுவையில் இன்னும் பெயர் எழுதவில்லை. தேதி மட்டும் எழுதியிருக்கிறார்களாம்.

கேள்விகள் கேளுங்கள். வடமதுரைப் பக்கம் போகிறவர்கள் முதலில் கேட்டுவிடுங்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.